செம்பனை ஓட்டிலிருந்து வாயு பிடிக்கும் கரி: முதன்முறை இறங்குபவர்களுக்கு

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவை இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயராலேயே சொல்லும் ஆள் நான். செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எண்ணெயின் ஈரத்தையும் அமிலத்தையும் அளந்தே தலை நரைத்துவிட்டது. ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எழுந்தது. பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை. அன்று நட்டது தடித்த ஓடுள்ள டூரா வகை. இன்று எங்கும் நிற்பது மெல்லிய ஓடுள்ள தெனெரா. ஓடு மெலிந்தாலும் ஆலை வாசலில் குவியும் ஓட்டுக்குக் குறைவில்லை. கொதிகலனுக்கு எரிபொருளாகப் போனது போக மிச்சம் கப்பலேறி ஜப்பானுக்குப் போகிறது.

அந்த ஓட்டைக் கரியாக்கி வாயுவைப் பிடிக்கலாம் என்று பள்ளிப் பிள்ளைகள் எங்கோ படித்துவிட்டு, அறிவியல் விழாவுக்கு முந்தைய மாதம் என் வீட்டுக்கு வருவார்கள். வந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றே: "ஐயா, எது நல்ல கரி?" நான் பதிலுக்குக் கேட்பது: "எந்த வாயுவுக்கு, தம்பி?" பாதிப் பேர் அங்கேயே விழிப்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக எழுதியது.

முதலில் கரி என்ன செய்கிறது என்பது

பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போலக் கரி வாயுவை உறிஞ்சுவதில்லை. வாயு மூலக்கூறுகள் கரியின் பரப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பாடநூல் இதைப் பரப்புக் கவர்தல் என்கிறது. 1773இலேயே ஷீலே என்ற வேதியியலாளர் கரி வாயுவைப் பிடிப்பதைக் கவனித்துவிட்டார். முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிக்குள் போனதும் கரிதான். அமெரிக்காவில் அதற்காகப் பீச் பழக் கொட்டையையும் தேங்காய் ஓட்டையும் சேகரித்தார்கள்.

ஒட்டுவதற்குப் பரப்பு வேண்டும். நல்ல கிளர்வுற்ற கரியின் ஒரு கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான தூளுக்குள், ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு மடிந்து கிடக்கிறது. பொட்டலங்களில் ஆக்டிவேட்டட் கார்பன் என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். ஆனால் இந்த ஆயிரத்தைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். பரப்பு எவ்வளவு என்பதைவிட, அந்தப் பரப்பு எந்த அளவுத் துளைக்குள் இருக்கிறது என்பதே முக்கியம். 2 நானோமீட்டருக்குக் (நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைந்தவை நுண்துளைகள், 2 முதல் 50 வரை இடைத்துளைகள், அதற்கு மேல் பெருந்துளைகள். கரியமில வாயு மூலக்கூறின் குறுக்களவு ஏறத்தாழ 0.33 நானோமீட்டர், மீத்தேனுக்கு 0.38. நம் வீட்டு வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில், கரியமில வாயுவைப் பிடித்து நிறுத்துவது 1 நானோமீட்டருக்கும் குறுகலான இடுக்குகள்தான். இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து இழுத்தால்தான் அது நிற்கும். அகலமான துளையில் வந்த வேகத்திலேயே வெளியேறிவிடும். அகலத் துளைகள் நடைபாதை மட்டுமே, குடியிருப்பு இடுக்குகளில்.

ஓடு பொறுக்குவது

ஆலையில் கேட்டால் ஒரு பை ஓடு தருவார்கள். அதில் நார், பருப்புத் துண்டு, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் கலந்திருக்கும். பருப்பு எண்ணெய் நிறைந்தது. கரியாகும்போது புகையும் தாருமாகத் தொல்லை தரும். ஆலையில் களிமண் கலந்த நீரில் போட்டுப் பிரிப்பார்கள்: பருப்பு மிதக்கும், ஓடு மூழ்கும். வீட்டில் களிமண்ணுக்குப் பதில் உப்பு போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் 190 கிராம் அளவு உப்பைக் கரைத்து ஓட்டைக் கொட்டிக் கலக்குங்கள். மிதப்பதை அள்ளி எறியுங்கள். மூழ்கியதை உப்புச் சுவை போகும்வரை நான்கைந்து முறை அலசுங்கள். பிறகு சுடுநீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் சேர்த்து ஒரு தேய்ப்பு, மறுபடி அலசல், இரண்டு நாள் வெயில். சுண்டுவிரல் நக அளவுக்குப் பெரிதாக உள்ளவற்றை உலக்கையால் உடைத்துவிடுங்கள்.

கரியாக்குவது

மைலோ டின் ஒன்று போதும். முதலில் வெறும் டின்னை வெளியில் தீயில் காட்டி அதன் சாயப் பூச்சை எரித்துவிடுங்கள். மூடியின் நடுவில் ஓர் ஆணித் துளை போடுங்கள். டின்னில் முக்கால் பங்கு ஓட்டை நிரப்பி, மூடியை அழுத்தி, சாத்தே அடுப்பின் கரி நெருப்பில் வைத்துச் சுற்றிலும் தணலைக் குவியுங்கள். தோட்டத்தில் குழி தோண்டி எரிக்க வேண்டாம். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி திறந்தவெளி எரிப்புக்குத் தடை உண்டு. அண்டை வீட்டுக்காரர் படம் எடுத்து அனுப்பினால் அறிவியல் விழாவுக்குப் பதில் வேறு விழாவுக்குப் போக வேண்டியிருக்கும்.

முதலில் வெள்ளை ஆவி வரும், அது ஈரம். பிறகு மஞ்சள் புகை. அப்போது துளையருகே ஒரு தீக்குச்சியைக் காட்டினால் புகை பற்றிச் சுடராக எரியும். எரியட்டும், அதுவே நல்லது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு மூடிய அறையில் ஆளைக் கொன்றுவிடும். ஆகவே சமையலறையிலோ, கதவடைத்த கொட்டகையிலோ இந்த வேலையை ஒருநாளும் செய்யாதீர்கள். மழை வந்தால் ஒத்திப்போடுங்கள்.

சுடர் தானாக அணைந்தபின் இன்னும் இருபது நிமிடம் தணலில் விட்டு, டின்னை இடுக்கியால் எடுத்து, துளையை ஈரக் களிமண்ணால் அடைத்துவிடுங்கள். இனிமேல்தான் பொறுமை வேண்டும். மறுநாள் காலைவரை திறக்கக் கூடாது. முதல் தடவை நான் மூன்று மணி நேரத்தில் திறந்தேன். தொட்டால் சூடில்லை என்று நம்பி, சாக்கில் கொட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது சாக்கின் அடியில் ஒரு சிவப்பு வட்டம் வளர்ந்துகொண்டிருந்தது. புதுக் கரி காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடிக்கும்போதே சூடாகும். குவியலாகக் கிடந்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானே பற்றிக்கொள்ளும்.

அரைக் கிலோ ஓடு போட்டால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கரி கிடைக்கும். நல்ல கரியைத் தரையில் போட்டால் கணீரென்று ஒலிக்கும். உடைத்தால் முறிவு பளபளக்கும். விரலில் பிசுபிசுத்தால் தார் மிச்சமிருக்கிறது. மறுபடியும் டின்னுக்குள் போட வேண்டியதுதான்.

இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்

உங்கள் கையில் இருப்பது வெறும் கரி. இடுக்குகள் பிறந்திருக்கின்றன, ஆனால் பல வாயில்கள் தாரால் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றைத் திறப்பதுதான் கிளர்வூட்டல். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவியோ கரியமில வாயுவோ செலுத்திக் கரியின் ஒரு பகுதியைத் தின்ன விடுவது. நீராவி கரியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் மாறி வெளியேறும். அது தின்ற இடமே துளை. மற்றொன்று, பாஸ்பாரிக் அமிலம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்றவற்றைக் கலந்து சூடேற்றுவது. ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு கிராமுக்கு 3,000 சதுர மீட்டர் என்றெல்லாம் பெருமையடிப்பது பெரும்பாலும் இந்தப் பொட்டாசியம் வழியில் வந்த கரிதான்.

இரண்டையும் வீட்டில் செய்யாதீர்கள். முதல் வழியில் வெளியேறுவது நஞ்சும் வெடிக்கக்கூடியதுமான வாயுக் கலவை. இரண்டாம் வழியில் உயர்ந்த வெப்பத்தில் பொட்டாசியம் உலோகமே உண்டாகிறது. உலையைத் திறந்து தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். இணையத்தில் காணொளி பார்த்தேன் என்று வரும் பிள்ளைகளிடம் நான் கோபப்படும் ஒரே இடம் இதுதான். பல்கலைக்கழக ஆய்வகத்தில் குழாய் உலை இருக்கும், மேற்பார்வையாளரும் இருப்பார். உங்கள் கரியை ஒரு பாட்டிலில் போட்டு அங்கே எடுத்துச் சென்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் தண்ணீர் வடிகட்டிக்கு விற்கும் தேங்காய் ஓட்டுக் கரியை ஒரு கிலோ வாங்குங்கள். அதில் நுண்துளை அதிகம். வாங்கிய கரியையும் நீங்கள் சுட்ட கரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே ஒரு முழு ஆய்வு.

உலர்த்துவது

சிலாங்கூர் ஆற்றங்கரை ஊரில் காற்றே பாதித் தண்ணீர். இந்த ஈரத்தில் திறந்து வைத்த நல்ல கரி தன் எடையில் கால் பங்கு வரை கூட நீரைப் பிடித்துக்கொள்ளும். நீர் ஏறி உட்கார்ந்த இடுக்கில் கரியமில வாயுவுக்கு இடமில்லை. ஆகவே சோதனைக்கு முன் கரியைத் தட்டில் பரப்பி 120 டிகிரி அடுப்பில் மூன்று மணி நேரம் வையுங்கள். சூட்டோடு கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக மூடி, ஜாடிக்குள்ளேயே ஆற விடுங்கள். "ஐயா, கரி வேலை செய்யவில்லை" என்று வரும் பத்துப் புகாரில் எட்டு, உலர்த்தாமல் போட்டதால் வருபவை.

பாட்டில் சோதனை

இனி இந்தக் கலையின் அழகான பகுதிக்கு வருவோம். ஒரு பெரிய பாட்டிலில் 10 கிராம் சமையல் சோடாவும் 150 மில்லிலிட்டர் சுக்காவும் (வினிகர்) சேர்த்தால் ஏறத்தாழ மூன்று லிட்டர் கரியமில வாயு வரும். அந்தப் பாட்டிலின் வாயிலிருந்து ஒரு ரப்பர் குழாயை, மெல்லிய 500 மில்லிலிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடிவரை விடுங்கள். வாயு உண்டாகும் பாட்டிலை எக்காரணம் கொண்டும் இறுக மூடாதீர்கள், வெடிக்கும். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. அடியில் தங்கிக் காற்றை மேலே தள்ளும். பாட்டிலின் வாயில் எரியும் ஊதுபத்தியைக் காட்டுங்கள். கங்கு அணைந்தால் நிரம்பிவிட்டது.

குழாயை எடுத்து, 20 கிராம் உலர்ந்த கிளர்வுற்ற கரியைக் காகிதப் புனலில் சட்டென்று கொட்டி, மூடியை இறுக்கிக் குலுக்குங்கள். சற்று நேரத்தில் பாட்டில் யாரோ கையால் நசுக்கியதுபோல் ஒடுங்கும். கரி இருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள், இளஞ்சூடு தெரியும். ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறு தன் ஆற்றலை வெப்பமாக விட்டுக்கொடுக்கிறது. இதே சூடு பெரிய ஆலைகளில் பெருந்தலைவலி. சூடான கரி குறைவாகவே பிடிக்கும் என்பதால் அதைக் குளிர்விக்கவும் வழி செய்ய வேண்டும்.

கூடவே இன்னொரு பாட்டிலில் 20 கிராம் உலர்ந்த மணல். அது அசையாது. மூன்றாவதில் நீங்கள் சுட்ட வெறும் கரி. இது பெரும்பாலும் கொஞ்சமாகவும் மெதுவாகவும்தான் ஒடுங்கும். துளைகளின் வாயில் குறுகல், வாயு உள்ளே போகவே நேரமாகும். அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

பல பிள்ளைகள் இத்துடன் கைதட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கிளம்பாதீர்கள். ஒடுங்கிய பாட்டிலை 60 டிகிரி வெந்நீரில் அமிழ்த்துங்கள். கொதிநீர் வேண்டாம், பாட்டிலே நெளிந்துவிடும். சில நிமிடங்களில் பாட்டில் மெல்ல உப்பி எழும். பிடித்த வாயுவைக் கரி விட்டுவிடுகிறது. குளிர்ந்த நீரில் வைத்தால் மறுபடி ஒடுங்கும். பிடிப்பது பாதி வேலை, விடுவது மீதிப் பாதி. விடத் தெரியாத கரியை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்த முடியாது. வீட்டு வாசலில் நிற்கும் பெட்ரோல் காரிலேயே இந்தப் பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தி வைத்த காரின் தொட்டியிலிருந்து எழும் பெட்ரோல் ஆவியை ஒரு கரிப்பெட்டி பிடித்து வைக்கும். எஞ்சின் ஓடும்போது காற்று அதன் வழியே போய் அந்த ஆவியை எஞ்சினுக்குள் இழுத்துவரும். பட்டறைக்காரரிடம் கேட்டால் பழையது ஒன்றைக் காட்டுவார்.

எடை போடுவது

பாட்டில் ஒடுங்கியதைப் படம் எடுப்பது சாட்சி. எண்ணிக்கைக்குத் தராசு வேண்டும். 0.1 கிராம் காட்டும் சமையல் தராசு போதும். 500 மில்லிலிட்டர் ஜாடியில் 20 கிராம் கரியைப் போட்டு எடை பாருங்கள். குழாய் வழியாகக் கரியமில வாயுவை அடியில் செலுத்திக்கொண்டே இருந்து, எடை ஏறுவது நின்றதும் குறித்துக்கொள்ளுங்கள். வாயுவோடு வரும் ஈரம் கணக்கைக் கெடுக்காமலிருக்க, குழாயின் வழியில் சிலிக்கா ஜெல் நிரப்பிய சிறு புட்டியை வையுங்கள். பிறகு கரியில்லாத ஜாடியில் அதே வேலையைச் செய்யுங்கள். கரியமில வாயு காற்றைவிடக் கனம் என்பதால் வெறும் ஜாடியே 0.3 கிராம் அளவு கூடுதலாகக் காட்டும். அதைக் கழிக்காமல் பரிசு வாங்கிய படைப்புகளையும் பார்த்திருக்கிறேன்.

நல்ல கரி 20 கிராமுக்கு ஒன்றரை முதல் இரண்டரை கிராம் வரை பிடிக்கும். கணக்குக்குச் சுலபமாக, கிலோவுக்கு 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது. அதைப் பிடிக்க 23 கிலோ கரி வேண்டும். "நம் கரி உலக வெப்பத்தைத் தணிக்கும்" என்று அட்டையில் எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுவிடுங்கள். அதோடு, நீங்கள் சோதித்தது ஏறக்குறைய தூய வாயு. ஆலைக் கொதிகலனின் புகைபோக்கியில் கரியமில வாயு பத்துப் பதினைந்து விழுக்காடுதான். அதுவும் சூடும் ஈரமுமாக வரும். அங்கே இதே கரி பிடிப்பது மிகக் குறைவு.

சான்றிதழ் எண்கள்

கரி விற்பவர் தரும் தாளில் அயோடின் எண் என்று ஒன்று இருக்கும். 1,000 என்றால் ஒரு கிராம் கரி 1,000 மில்லிகிராம் அயோடினைப் பிடித்தது என்று பொருள். இது திரவத்தில் செய்த சோதனை. நுண்துளை உண்டா என்பதற்குக் குறிப்புத் தரும். கரியமில வாயுவுக்கு உறுதி தராது. பி.இ.டி. பரப்பு என்பது 1938இல் புரூனவர், எம்மெட், டெல்லர் மூவரும் தந்த, பரப்பை அளக்கும் முறை. மைனஸ் 196 டிகிரியில் நைட்ரஜனைக் கொண்டு அளப்பார்கள். அந்தக் குளிரில் நைட்ரஜன் மிகக் குறுகிய இடுக்குக்குள் நுழையத் தடுமாறும். ஆகவே கரியமில வாயு உங்கள் இலக்கு என்றால், 0 டிகிரியில் கரியமில வாயுவைக் கொண்டே அளந்த எண்ணைக் கேளுங்கள். ஈரமும் சாம்பலும் எத்தனை விழுக்காடு என்பதைப் பார்த்தால் போதும். மற்றவை விற்பனைப் பேச்சு.

வாயு மாறினால்

கழிவுக் குளத்திலிருந்து வரும் உயிரிவாயுவைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது நம் வட்டார மாணவர்களின் அடுத்த ஆசை. ஆலைக் கழிவுநீர் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 28 கன மீட்டர் உயிரிவாயு வரும். அதில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் மீத்தேன், மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு, கூடவே அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு. இங்கே நான் மேலே சொன்ன விதி தலைகீழாகிறது. ஹைட்ரஜன் சல்பைடைப் பிடிக்கக் காரம் ஏற்றிய கரிக்குக் கொஞ்சம் ஈரமும் கொஞ்சம் ஆக்சிஜனும் வேண்டும். அப்போதுதான் அது கந்தகமாக மாறித் துளையில் படியும். படிந்தது வெந்நீருக்கு வெளியே வராது. கரியமில வாயுவுக்கு எதிரியான ஈரம் இங்கே துணைவன். "எந்த வாயுவுக்கு?" என்று நான் பிடிவாதமாகக் கேட்பது இதனால்தான். ஆனால் குளத்தருகே பள்ளிப் பிள்ளைகள் போகக் கூடாது. அந்த வாயு 100 பிபிஎம் அளவை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கை, எட்டினால் மூக்கின் உணர்வே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டதே என்று நிம்மதி அடைபவர்தான் விழுவார்.

மீத்தேனையும் கரியமில வாயுவையும் பிரிக்கத் துளை வாயிலை அளந்து செய்த கரி உண்டு. கார்பன் மூலக்கூறுச் சல்லடை என்பார்கள். 0.33 அளவுள்ள கரியமில வாயு விரைவாக நுழையும், 0.38 அளவுள்ள மீத்தேன் தயங்கும், அந்தத் தயக்கத்தில்தான் பிரிப்பு நடக்கிறது. அழுத்தத்தை ஏற்றி இறக்கி இயங்கும் நைட்ரஜன் இயந்திரங்களிலும் இதே சல்லடை ஆக்சிஜனை முதலில் தன் துளைக்குள் விட்டுவிடுகிறது.

சேமிப்பது வேறு கதை. 35 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) வெறும் உருளை தன் கொள்ளளவைப் போல முப்பத்தைந்து மடங்குக்குச் சற்று அதிகமாக மீத்தேனைக் கொள்ளும். நல்ல கரியை நிரப்பினால் நூறு மடங்கைத் தாண்டும். வாகனங்களின் அழுத்திய இயற்கை வாயு 200 பாருக்கு மேல் கேட்கும்போது இது பெரிய ஆதாயம். ஆனால் அழுத்த உருளை வேலை உரிமம் பெற்றவர்களுடையது. ஹைட்ரஜனோ இன்னும் பிடிகொடுக்காதது; மைனஸ் 196 டிகிரிக் குளிரில்தான் கரியோடு ஓரளவு ஒட்டும்.

முடித்தபின்

கரி நிரம்பிய தொட்டிக்குள் யாரும் தலையை விடக் கூடாது. ஈரமான கிளர்வுற்ற கரி மூடிய இடத்துக் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துவிடும். உள்ளே இறங்கியவர் மூச்சுக்குத் திணறும் முன்பே மயங்கிவிடுவார். மூட்டைகளிலும் இந்த எச்சரிக்கை அச்சிட்டிருக்கும், யாரும் படிப்பதில்லை.

கரியமில வாயுச் சோதனைக்கு மட்டும் பயன்பட்ட கரியை மறுபடி 120 டிகிரியில் உலர்த்தி எத்தனை தடவையும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு தடவையும் எடையைத் தேதியோடு குறியுங்கள்; அன்று மழையா வெயிலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தூளாகிப்போனதைப் பூந்தொட்டி மண்ணில் கலக்கலாம், அல்லது துணியில் கட்டிச் செருப்பு அலமாரியில் போடலாம். என் வீட்டுச் செருப்பு அலமாரியில் மூன்று முடிச்சுகள் தொங்குகின்றன. நாற்றம் பிடித்த கரியை, அதாவது ஹைட்ரஜன் சல்பைடு ஏறியதை, உலர்த்தும் அடுப்பில் வைக்காதீர்கள். அதைத் தனி டின்னில் மூடி, எதற்குப் பயன்பட்டது என்று மேலே எழுதி, ஆய்வகத்திடம் ஒப்படைத்துவிடுங்கள்.